கழற்றிப் பார்த்த கைகள்

நுழையும்முன்

வீட்டில் ஓடாமல் கிடக்கும் கடிகாரத்தைத் திறந்து பார்த்துப் பெரியவர்களிடம் வசவு வாங்காதவர் அரியர். அவ்வாறு திறந்து பார்க்கும் ஆவலையே வாழ்நாள் முழுதும் துணையாகக் கொண்ட ஒருவர் தமிழ்நாட்டில் வாழ்ந்தார். தொடக்கக் கல்வியோடு பள்ளியை விட்ட அவர், பேருந்து ஓட்டினார், மின்மோட்டார் செய்தார், மகிழுந்து செய்தார், பொறியியல் கல்லூரியின் முதல்வராகவும் அமர்ந்தார். அவர் செய்தவற்றுள் சில நாடெங்கும் பரவின. சில பிறந்த இடத்திலேயே நின்றுபோயின. இரண்டையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பாபநாசத்திலிருந்து பீளமேட்டுக்கு

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி பாபநாசத்தில் மலையை விட்டிறங்கிச் சமவெளி புகுகிறது. கோடைமேலழகியான் தொடங்கித் திருவைகுண்டம் வரை அவ்வாற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. அவற்றினின்று பிரியும் கால்வாய்கள் அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி, திருநெல்வேலி, திருவைகுண்டம் ஆகிய பகுதிகளை நெல்வயல்களாக்கியிருக்கின்றன. கால்வாய் எட்டாத மேட்டு நிலத்தின் நிலை வேறு. அங்கே கிணறே கதி. விடியுமுன் எழுந்து, மாடுகளைப் பூட்டிக் கமலை இறைத்த நாள்களை அவ்வூர் முதியோர் இன்றும் நினைவுகூர்வர். ஒரு வயலுக்கு நீர் பாய்ச்சி முடிப்பதற்குள் மாடும் களைத்துவிடும், மனிதரும் களைத்துவிடுவர்.

அந்த உழைப்பைக் குறைக்கும் ஆற்றலும் ஆற்றிலேயே இருந்தது. 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்து நீர்வீழ்ச்சியின் விசையைக் கொண்டு நூற்பாலையை இயக்கினர். 1944இல் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. பின்னர் மின்கம்பிகள் ஊர் ஊராக நீண்டன. கமலை நின்ற இடத்தில் மோட்டார் அமர்ந்தது.

கிணற்றடி மோட்டாரின் உடலில் சிறு தகடு ஒன்று அறையப்பட்டிருக்கும். குதிரைத்திறன், மின்னழுத்தம், சுழல்வேகம் ஆகியவற்றோடு செய்த ஊரின் பெயரும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். நெல்லைச் சீமையில் அத்தகடுகளைப் படித்துக்கொண்டே சென்றால் கோயம்புத்தூர் என்னும் பெயர் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். ஹார்வியின் ஆலைக்கு இயந்திரங்கள் கடல்கடந்து வந்தன. நம் கிணறுகளுக்கோ தமிழ்நாட்டின் மற்றோர் ஊரிலிருந்தே மோட்டார்கள் வந்தன. கோவை எவ்வாறு மோட்டார் செய்யும் ஊராயிற்று என்று பின்னோக்கித் தேடினால், பீளமேட்டில் 1937ஆம் ஆண்டு நடந்த ஒரு முயற்சியில் போய் நிற்போம். அம்முயற்சிக்கு உரியவருள் ஒருவர் ஜி.டி. நாயுடு.

மணலும் மோட்டார் சைக்கிளும்

கோயம்புத்தூர் மாவட்டத்தில் சூலூரை அடுத்துக் கலங்கல் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே 1893ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆம் நாள் உழவர் குடும்பம் ஒன்றில் துரைசாமி பிறந்தார். தந்தையார் பெயர் கோபால்சாமி. இவ்விரு பெயர்களின் ஆங்கில முதலெழுத்துகளே பின்னாளில் ஜி.டி. என நிலைத்தன. இளமையிலேயே தாயை இழந்த அவருக்குப் பள்ளி பிடிக்கவில்லை. கற்பிக்க வந்த ஆசிரியர்மேல் மணலை வாரி இறைத்துவிட்டு ஓடினார் என்று அவரைப் பற்றிய கதைகள் கூறுகின்றன. (அவரிடமிருந்து கற்க வேண்டியவை பல உள, இஃது அவற்றுள் ஒன்றன்று.) பள்ளியை விட்ட சிறுவர் தந்தையின் வயலில் வேலை செய்தார். கையில் கிடைத்த நூல்களைத் தாமே படித்தார்.

ஒருநாள் ஆங்கிலேய வருவாய்த்துறை அலுவலர் ஒருவர் ரட்ஜ் என்னும் மோட்டார் சைக்கிளில் அவ்வூர்ப் பக்கம் வந்தார். மாடோ குதிரையோ இழுக்காமல், மிதிக்காமல், தானே ஓடிய அவ்வண்டி துரைசாமியின் மனத்தில் குடிகொண்டுவிட்டது. அதனைக் கண்டு வியந்தோர் ஊரில் பலர் இருந்திருப்பர். துரைசாமியோ அதனை அடைவதற்காக ஊரையே விட்டார். கோயம்புத்தூர் சென்று உணவகம் ஒன்றில் பரிமாறும் பணியில் சேர்ந்தார். கிடைத்த கூலியில் காசுக்குமேல் காசாகச் சேர்த்தார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர், தாம் கண்ட அதே அலுவலரிடமிருந்து அதே வண்டியை விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் அதில் ஏறி ஊர்வலம் வந்ததோடு நிறுத்திக்கொள்ளவில்லை. வண்டியைப் பகுதி பகுதியாகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார். அவருடைய பொறியியல் கல்வி அங்கேதான் தொடங்கியது.

அக்கல்வியில் அப்படி என்ன இருந்தது என்று இன்றைய மாணவர் வினவலாம். அக்காலத்து மோட்டார் சைக்கிள், படிக்கத்தக்க நூல்போல் அமைந்தது. மூடி மறைத்த மின்னணுப் பெட்டி எதுவும் அதில் இல்லை. கார்புரேட்டர் என்னும் சிறு கிண்ணம் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும். உருளைக்குள் உந்துதண்டு அக்கலவையை அழுத்தும். மேக்னெட்டோ என்னும் கருவி, மின்கலத்தின் துணையின்றியே, சுழலும் காந்தத்தினால் மின்சாரம் உண்டாக்கித் தீப்பொறி எழுப்பும். கலவை எரிந்து விரிந்து உந்துதண்டைத் தள்ளும். அந்தத் தள்ளல் சுழற்சியாக மாறித் தோல்பட்டை வழியாகப் பின்சக்கரத்தை அடையும். ஒவ்வொன்றும் கண்ணால் காணத்தக்கது, கையால் தொடத்தக்கது.

வண்டி கிளம்பாமல் நின்றுவிட்டால் காரணம் பொதுவாக மூன்றில் ஒன்றாக இருக்கும். எரிபொருள் வரவில்லை, அல்லது பொறி எழவில்லை, அல்லது அழுத்தம் கசிகிறது. முதலில் தீப்பொறிச் செருகியைக் கழற்றிப் பொறி எழுகிறதா என்று பார்க்க வேண்டும். எழுந்தால் அவ்வழியை விட்டுவிட்டு எரிபொருளின் வழியே செல்ல வேண்டும். குற்றமற்ற பகுதிகளை ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே போனால் குற்றமுள்ள பகுதி தானே அகப்படும். வானொலி பழுதுபார்ப்பவரும், மின்விசிறி பழுதுபார்ப்பவரும், நோயைத் தேடும் மருத்துவரும் இம்முறையையே கையாள்கின்றனர். துரைசாமிக்கு இதனை யாரும் கரும்பலகையில் எழுதிக் கற்பிக்கவில்லை. வண்டியே கற்பித்தது.

பொள்ளாச்சி முதல் பழனி வரை

இடையில் அவர் வணிகத்திலும் இறங்கினார். திருப்பூரில் பருத்தித் தொழிலில் பொருள் ஈட்டினார். பம்பாய் சென்று பருத்தி வணிகத்தில் அதனை இழந்தார். அந்த இழப்பைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. அது அவரை மீண்டும் பொறிகளின் பக்கம் திருப்பியது என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

1920இல் பேருந்து ஒன்றை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். கோவையில் ஆலைத் தொழிலை வளர்த்த இராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயர் அதற்கு உதவினார். ஒரு பேருந்து பலவாயிற்று. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெயரால் வளர்ந்த அவருடைய நிறுவனம் 1930களில் இருநூற்றுக்கும் மேற்பட்ட பேருந்துகளை இயக்கியது. நாட்டிலேயே செம்மையாக நடைபெற்ற போக்குவரத்து நிறுவனங்களுள் ஒன்றாக அதனைக் குறிப்பிடுவர்.

பேருந்துத் தொழிலின் உயிர் பணிமனையில் இருக்கிறது. அக்காலத்தில் உந்துவண்டியின் உறுப்பு ஒன்று உடைந்தால், மாற்று உறுப்பு கப்பலில் வர வேண்டும். அதுவரை வண்டி நிற்கும், வருவாயும் நிற்கும். எனவே பழுதுபார்க்கும் இடம் நாளடைவில் உறுப்புகளைச் செய்து பார்க்கும் இடமாக மாறுவது இயல்பு. கோவையின் பொறியியல் தொழில்கள் பல, ஆலை இயந்திரங்களையும் வண்டிகளையும் பழுதுபார்த்த பட்டறைகளிலிருந்தே கிளைத்தன. வீட்டு மூலையில் ஒரு வண்டியைக் கழற்றியவரிடம் இப்பொழுது பணிமனையும் பணமும் கைவினைஞரும் இருந்தனர். செய்ய நினைத்ததைச் செய்துபார்க்கும் வாய்ப்பு அவருக்கு வாய்த்தது.

முகச்சவரக் கருவியும் ஐந்து வால்வு வானொலியும்

1930களில் நாயுடு ஐரோப்பாவில் பயணம் செய்தார். பிறர் காட்சிகளைக் கண்டு திரும்பும் பயணத்தில் அவர் தொழிற்சாலைகளைக் கண்டார். நிழற்படக் கருவியும் திரைப்படக் கருவியும் எப்போதும் உடனிருந்தன. 1936இல் இலண்டனில் நடந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் கையாலேயே படம்பிடித்தார். படம் எடுக்கும்போது தொலைவைச் சரிசெய்வதில் இடர் உண்டாயிற்றுப் போலும். படக்கருவிக்குரிய தொலைவுசரிசெய்யும் கருவி ஒன்றும் அவருடைய படைப்புகளின் வரிசையில் இடம்பெற்றிருக்கிறது.

அவ்வரிசையில் பெயர்பெற்றது ரேசன்ட் என்னும் மின்சார முகச்சவரக் கருவி. உலர் மின்கலத்தால் ஓடும் சிறு மோட்டார் ஒன்றை அதன் உள்ளே அவர் அமைத்தார். ஜெர்மனியில் அஃது உற்பத்தி செய்யப்பட்டது. இன்று இதனைப் படிக்கையில் பெரிய செய்தியாகத் தோன்றாது. அக்காலத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். இந்திய ஊர்களுள் பெரும்பாலானவற்றில் மின்சாரமே இல்லை. சுவரில் செருகும் துளையை நம்பிச் செய்த கருவி அங்கே பயன்படாது. கையடக்கமான மின்கலத்தால் ஓடுவது எங்கும் பயன்படும். மண்ணெண்ணெயால் ஓடும் மின்விசிறி போன்ற காற்றாடியை அவர் செய்ததும் அதே எண்ணத்தால்தான் எனலாம். மின்சாரம் வரும்வரை காத்திருப்பது அவர் இயல்பு அன்று. மிக மெல்லிய சவர அலகு, பழச்சாறு பிழியும் கருவி, முறைகேடு செய்ய இயலாத வாக்குப்பதிவுப் பொறி ஆகியவையும் அவர் ஆக்கியவை. தேர்தலில் அவருக்கு நேரடி அறிமுகமும் உண்டு. மாகாணச் சட்டமன்றத் தேர்தலில் நின்று தோற்றவர் அவர்.

1941இல் ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை இந்தியாவிலேயே 70 ரூபாய்க்குச் செய்து தர இயலும் என்று அறிவித்தார். டிரான்சிஸ்டர் தோன்றாத காலம் அது. வால்வு என்பது காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழ். மின்விளக்குப்போல் ஒளிர்ந்துகொண்டே வேலை செய்யும். இத்தகைய பெட்டியில் ஒரு வால்வு வானொலி அலையின் அதிர்வெண்ணை மாற்றும்; மற்றொன்று அதனைப் பெருக்கும்; அடுத்தது அலையினின்று ஒலியைப் பிரிக்கும்; நான்காவது ஒலிபெருக்கியை இயக்கும்; ஐந்தாவது வீட்டு மின்சாரத்தை வால்வுகளுக்கேற்ற நேர்மின்னோட்டமாக்கும். வெளிநாட்டுப் பெட்டிகள் செல்வர் வீட்டுக் கூடத்திலேயே அமர்ந்திருந்த நாளில், எளியவர் வீட்டிலும் வானொலி ஒலிக்க வேண்டும் என்று அவர் கணக்கிட்டார். விலையைக் குறைப்பதையே அவர் கண்டுபிடிப்பாகக் கருதினார் என்று தோன்றுகிறது. அவருடைய பிற முயற்சிகளிலும் இதே கணக்கைக் காணலாம்.

பீளமேட்டு மோட்டார்

1930களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் திட்டத்திலிருந்து கோவைக்கு மின்சாரம் வந்தது. ஆலைகள் பெருகின. கிணற்று நீரை மின்சாரத்தால் இறைக்கலாம் என்னும் நிலை பிறந்தது. மின்சாரம் நம்முடையது, மோட்டாரோ அயல்நாட்டது. இந்நிலையில்தான் நாயுடுவின் நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸ் பீளமேட்டில் 1937இல் மின்மோட்டார் ஒன்றைச் செய்தது. இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டார் எனப் போற்றப்படுவது அதுவே. அதில் அவரோடு கைகோத்தவர், பின்னாளில் டெக்ஸ்டூல் நிறுவனத்தை உருவாக்கிய டி. பாலசுந்தரம் நாயுடு.

மோட்டாரின் தத்துவம் புதிதன்று. மின்சாரத்தால் சுழற்சியை உண்டாக்கலாம் என்று மைக்கேல் பாரடே 1821லேயே செய்துகாட்டினார். அவரும் மிகுதியாகப் பள்ளியில் பயிலாதவர். நூல் கட்டும் கடையில் தொழில் பழகியவர். கட்ட வந்த நூல்களைப் படித்தே அறிவியல் கற்றவர். தத்துவம் அறிந்த நாடுகள் பல இருந்தும், மோட்டார் செய்யும் நாடுகள் சிலவாகவே இருந்தமைக்குக் காரணம் அதன் செய்நேர்த்தி. இரும்புத் தகட்டை மெல்லியதாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு தகட்டிலும் ஒரே அளவான காடிகள் அமைய வேண்டும். சுழலும் பகுதிக்கும் நிற்கும் பகுதிக்கும் இடையேயுள்ள வெளி, மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்காகச் சுற்றிலும் ஒரே சீராக இருத்தல் வேண்டும். செப்புக் கம்பியின் காப்புப் பூச்சு ஓரிடத்தில் உரிந்தாலும் மோட்டார் எரிந்துபோகும். நூலறிவு ஒருவரிடம் இருக்கலாம். செய்நேர்த்தி பலருடைய கைகளில் படிய வேண்டும். அது கோவையில் படிந்தது. ஒரு பட்டறையில் பழகியவர் மற்றொரு பட்டறை தொடங்கினார். பாபநாசத்து மின்சாரம் நெல்லையின் மேட்டு நிலங்களை எட்டியபோது, கிணற்றடியில் அமர மோட்டார்கள் இந்நாட்டிலேயே ஆயத்தமாக இருந்தன.

தெரிந்து தெளிவோம்

மோட்டாரின் உள்ளகம் ஒரே இரும்புக் கட்டியாக அமையாமல், மெல்லிய தகடுகளை அடுக்கியதாக அமைவது ஏன்? மாறுதிசை மின்னோட்டத்தால் காந்தப்புலம் இடைவிடாமல் மாறும். அம்மாற்றம் இரும்பினுள்ளும் சுழல் மின்னோட்டங்களைத் தோற்றுவிக்கும். அவை இரும்பைச் சூடாக்கி ஆற்றலை வீணாக்கும். ஒன்றோடொன்று மின்தொடர்பு இல்லாதவாறு பூச்சிட்ட தகடுகளை அடுக்கினால் அவ்வோட்டங்களின் பாதை துண்டிக்கப்படும். மின்மாற்றியின் உள்ளகமும் இவ்வாறே அமைக்கப்படுகிறது.

இரண்டு ஆண்டா, நான்கு ஆண்டா?

நாயுடு செல்வத்தைச் சேர்த்துப் பூட்டி வைத்தவர் அல்லர். ஆங்கில அரசு உயர்ந்த வரி விதித்த காலத்தில், ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் தொழிலாளர் நலனுக்கும் தொழிற்கல்விக்கும் பொருளை வழங்கினார். சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் என்பவரின் பெயரால் கோவையில் தொழிற்பயிலகமும் பொறியியல் கல்லூரியும் உருவாயின. 1945இல் கல்லூரிக்கு நாயுடுவே முதல்வரானார். பள்ளியை விட்டு ஓடிய சிறுவர் ஐம்பத்திரண்டாம் வயதில் கல்லூரி முதல்வராக அமர்ந்தது, வாழ்க்கை செய்த இனிய வேடிக்கை.

அவ்வேடிக்கை நீடிக்கவில்லை. பொறியியல் பட்டத்துக்கு நான்கு ஆண்டுகள் வேண்டா. இரண்டு ஆண்டுகளே போதும் என்பது அவர் கருத்து. பணிமனையில் நேரடியாகப் பழகினால் காலம் மிச்சமாகும், ஏட்டுச் சுமை குறையும், நாட்டுக்குப் பொறியாளர் விரைந்து கிடைப்பர் என்று அவர் நம்பினார். அரசு அதற்கு இசையவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார்.

இவ்வழக்கில் எப்பக்கம் நிற்பது? நாயுடுவின் பக்கம் வலுவான நியாயம் உண்டு. மோட்டாரின் சமன்பாட்டைப் பிழையின்றி எழுதிவிட்டு, எதிரே இருக்கும் மோட்டாரின் மூடியைக் கழற்ற அஞ்சும் பட்டதாரி அன்றும் இருந்தார், இன்றும் இருக்கிறார். ஆயினும் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துக் கற்றுவிட இயலாது. மோட்டார் சைக்கிளைத் தவறாகப் பூட்டினால் மறுபடியும் கழற்றலாம். பாலத்தைத் தவறாகக் கட்டிவிட்டு, அது விழுந்தபின் கற்றுக்கொள்ள முடியாது. அங்கே கணிதமே முன்னின்று காக்கும். கணிதத்துக்குக் காலம் வேண்டும். தம் கைகள் கற்ற வேகத்தை எல்லாருக்கும் உரிய அளவாக நாயுடு கொண்டுவிட்டார் என்று கூறலாம். இருந்தும், அவர் எழுப்பிய வினா தொழிற்கல்வியைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் மீண்டும் எழுகிறது.

அக்கல்லூரி பின்னர் இடம்மாறி, தடாகம் சாலையில் அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது. பீளமேட்டுப் பேருந்து நிறுத்தமோ இன்றும் ஹோப் காலேஜ் என்றே வழங்குகிறது. நடத்துநர் அப்பெயரைக் கூவும்போது இறங்குவோருள் எத்தனை பேருக்கு இக்கதை தெரியும்?

இரண்டாயிரம் ரூபாய் மகிழுந்து

1952இல் நாயுடு இருவர் அமர்ந்து செல்லத்தக்க சிறு மகிழுந்து ஒன்றை உருவாக்கினார். பெட்ரோலால் ஓடும் அவ்வண்டியின் விலை 2000 ரூபாய் என்றார். நடுத்தரக் குடும்பமும் மகிழுந்து வாங்கலாம் என்னும் கனவு அதில் இருந்தது. வண்டி ஓடியது, கனவு ஓடவில்லை. உற்பத்தி செய்ய அரசின் உரிமம் கிடைக்காமையால் அம்முயற்சி நின்றது.

1951ஆம் ஆண்டின் தொழில்கள் வளர்ச்சி ஒழுங்குமுறைச் சட்டம் 1952இல் நடைமுறைக்கு வந்தது. அட்டவணையிலிருந்த தொழில் ஒன்றைத் தொடங்க நடுவணரசின் உரிமம் வேண்டும் என்பது அதன் விதி. புதிதாக விடுதலை பெற்ற நாட்டில் எஃகும் அயல்நாட்டுச் செலாவணியும் அரிதாக இருந்தன; எதனை யார் செய்வது என்று அரசே வகுத்துக்கொள்ள விரும்பியது. அந்த நோக்கத்தில் பொருள் இல்லாமல் இல்லை. ஆனால் நோக்கம் நன்றாயினும் வாயில் குறுகலாக இருந்தது. ஒரு பொருளை ஒரு முறை செய்வதற்கு அறிவும் கையும் போதும். அதையே ஓராயிரம் முறை செய்வதற்கு ஆலை வேண்டும், முதல் வேண்டும், சட்டத்தின் இசைவும் வேண்டும். மோட்டார் சைக்கிளைக் கழற்றியபோது நாயுடு யாரிடமும் இசைவு கேட்க வேண்டியிருக்கவில்லை. மகிழுந்துக்குக் கேட்க வேண்டியிருந்தது.

அரசின் வரிக் கொள்கையை எதிர்த்து, தம் கருவிகளைப் பொதுமக்கள் முன்னிலையில் தாமே உடைத்துக் காட்டியதும் உண்டு. அவருடைய சினம் புரிந்துகொள்ளத்தக்கதே. எனினும், ஒரு பொருள் எவ்வாறு ஆயிற்று என்பதை அறிவதற்கே வாழ்ந்தவரின் கைகள் பொருள்களை உடைக்க நேர்ந்ததை எண்ணும்போது மனம் வருந்துகிறது.

அவரை இந்தியாவின் எடிசன் என்று அழைப்பர். அப்பெயரைச் சற்று நின்று எண்ணிப் பார்க்கலாம். எடிசன் 1876இல் மென்லோ பார்க்கில் ஆய்வுக்கூடம் ஒன்றை நிறுவினார். பலர் கூடி ஒரு கருவியைத் திரும்பத் திரும்பச் செய்து சீர்படுத்தும் இடமாக அது விளங்கியது. கண்டுபிடிப்பைச் சந்தைக்குக் கொண்டுசேர்க்கும் முதலீடும் பின்னால் இருந்தது. நாயுடுவின் எண்ணம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியது. சவரக் கருவியிலிருந்து வானொலிக்கு, வானொலியிலிருந்து பயிர்களுக்கு. பருத்தியிலும் மக்காச்சோளத்திலும் பப்பாளியிலும் புதிய வகைகளை அவர் வளர்த்துக்காட்டினார், சர் சி.வி. இராமனும் விசுவேசுவரய்யாவும் அவருடைய பண்ணைக்கு வந்து பார்த்தனர். காலை 6 மணிக்கு அடித்தளமிட்ட வீட்டை மாலை 5 மணிக்குள் கட்டிமுடித்ததாகவும் கூறுவர். இவ்வளவும் ஒருவரால் இயன்றது பெருமை. தொடங்கியவற்றுள் பலவற்றைத் தொடர்ந்து செம்மைப்படுத்த நிலையான அமைப்பு இல்லாமற்போனது குறை. அக்குறையில் அரசுக்கும் பங்குண்டு. அவருடைய பொறுமையின்மைக்கும் பங்குண்டு. மோட்டார் மட்டும் தப்பிப் பிழைத்தது. காரணம், அதனைப் பலர் கற்றுக்கொண்டனர்.

கண்காட்சியும் கிணற்றடியும்

தாம் அறிந்ததைப் பிறர் கண்ணால் கண்டு கற்க வேண்டும் என்று விரும்பிய நாயுடு, 1967இல் கோவையில் தொழிற்கண்காட்சி ஒன்றை நிறுவினார். 1974ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் காலமானார். அவர் திரட்டியவையும் உருவாக்கியவையும் அவிநாசி சாலையிலுள்ள அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. பள்ளி மாணவர்கள் வரிசையாக வந்து கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளவற்றைப் பார்த்துச் செல்கின்றனர். அங்கே எதையும் கழற்ற இயலாது. அருங்காட்சியகத்தின் இயல்பு அது.

கழற்றுவதைக் காண வேண்டுமானால் வேறிடம் செல்ல வேண்டும். திருநெல்வேலியிலும் அம்பாசமுத்திரத்திலும் தென்காசியிலும் மோட்டார் காயில் கட்டும் கடைகள் உள்ளன. தண்ணீரின்றிப் பயிர் வாடத் தொடங்கும் பருவத்தில் அவற்றின் வாசலில் எரிந்துபோன மோட்டார்கள் வரிசையில் காத்திருக்கும். மோட்டாரைக் கொண்டுவந்த உழவர் விசுப்பலகையில் அமர்ந்து, எப்போது முடியும் அண்ணாச்சி என்று கேட்டுக்கொண்டிருப்பார். உள்ளே கருகிய கம்பிச்சுருள் வெளியே எடுக்கப்படும். அனுபவமுள்ளவர் அதனை உடனே அறுத்து எறிந்துவிட மாட்டார். எந்தக் காடியில் தொடங்கி எந்தக் காடியில் முடிந்தது, கம்பியின் பருமன் என்ன, எத்தனை சுற்று என்பவற்றைப் பார்ப்பார். கருகிய கம்பியை ஒவ்வொன்றாக எண்ணுவார். எண்ணிய எண்ணிக்கையை எண்ணெய்க் கறை படிந்த குறிப்பேட்டில் எழுதிக்கொண்ட பின்னரே புதிய செப்புக் கம்பியைக் கையில் எடுப்பார்.